இராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

(லாயாங் லாயாங் தோட்டத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் எழுதுவது)

கணித மேதை இராமானுஜன் என்றவுடன் நம்மவர் நாவில் முதலில் வருவது 1729 என்னும் எண்ணாகும். நோயுற்றுக் கிடந்த இராமானுஜனைக் காணப் பேராசிரியர் ஹார்டி வந்த வாடகை வண்டியின் எண் அது. சுவையற்ற எண் என்றார் ஹார்டி. இல்லை, இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரண்டு வகையில் எழுதத்தக்க எண்களுள் மிகச் சிறியது அதுவே என்றார் இராமானுஜன். 1-இன் கனத்தோடு 12-இன் கனத்தைக் கூட்டினாலும் 1729; 9-இன் கனத்தோடு 10-இன் கனத்தைக் கூட்டினாலும் 1729. இக்கதையைச் சொல்லாத கணித ஆசிரியர் நம்மிடையே இல்லை. நானும் முப்பது ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன்.

ஆயினும் இக்கதை மாணவர் மனத்தில் விதைப்பது என்ன? படுக்கையில் கிடந்த ஒருவர் உழைக்காமலே நொடிப்பொழுதில் விடை கண்டார் என்ற வியப்பே. மேதைமை என்பது வானிலிருந்து விழுவது, நமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று தோட்டத்துப் பிள்ளை எண்ணிக்கொள்கிறான். இவ்வெண்ணத்தை மாற்றவல்ல வேறோர் எண் உண்டு. அதனோடு, இராமானுஜன் காணாமல் விட்ட எண் ஒன்றும் உண்டு. அவ்விரண்டையும் தமிழாசிரியர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் எண் இது: 6746328388800. நம் வழக்கில் சொன்னால், ஆறு இலட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று இலட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. 1915-ஆம் ஆண்டில் இலண்டன் கணிதக் கழகத்தின் வெளியீட்டில் அச்சான இராமானுஜனின் நெடுங்கட்டுரை ஒன்றில் காணும் பட்டியலின் கடைசி எண் இதுவே.

பங்கிட வல்ல எண்

காலையில் பள்ளித் திடலில் 24 மாணவர் நின்றால் அவர்களை இரண்டு, மூன்று, நான்கு, ஆறு, எட்டு, பன்னிரண்டு என்று எந்த வரிசையாகவும் நிறுத்தலாம். ஒருவன் வரவில்லை, 23 பேர் என்று கொள்வோம். ஒரே வரிசையாக நிறுத்துவதன்றி வேறு வழியில்லை. எண்ணிக்கையில் ஒன்றுதான் குறைந்தது. ஆனால் பங்கிடும் ஆற்றல் முழுவதும் போய்விட்டது. 24 என்பது பகு எண். 23 என்பது பகா எண்.

ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் அதன் காரணிகள். 24-க்கு 1, 2, 3, 4, 6, 8, 12, 24 என எட்டுக் காரணிகள் உள்ளன. 24-க்குக் கீழ்ப்பட்ட எந்த எண்ணுக்கும் எட்டுக் காரணிகள் கிடையா. இவ்வாறு, தனக்குக் கீழுள்ள எல்லா எண்களையும் காரணித் தொகையில் விஞ்சி நிற்கும் எண்ணை 'மிகுபகு எண்' என்று இங்கே குறிப்போம். 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என்று அவ்வரிசை செல்லும். வியப்பு யாதெனில், புகழ்பெற்ற 1729 இதில் இடம் பெறாது. அது 7, 13, 19 ஆகிய மூன்று பகா எண்களின் பெருக்கம். அதற்கும் எட்டே காரணிகள்தாம். சின்னஞ்சிறு 24-க்கு உள்ள செல்வந்தான் 1729-க்கும்.

காரணிகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டுவதில்லை. எண்ணைப் பகா எண்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் அடுக்கோடும் ஒன்று கூட்டிப் பெருக்கினால் போதும். 360 என்பது 2³ × 3² × 5. அடுக்குகள் 3, 2, 1, ஒன்று கூட்ட 4, 3, 2, பெருக்க 24. எனவே 360-க்கு 24 காரணிகள். ஐந்தாம் ஆண்டு மாணவனும் செய்யக்கூடிய கணக்கு இது.

முன்னோர் கண்ட எண்கள்

பங்கிடுவதற்கு ஏற்ற எண்ணைத் தேடுவது மனிதனின் பழந்தொழில். ஒரு நாளை 60 நாழிகையாக நம் முன்னோர் பகுத்தனர். 60-க்குப் பன்னிரண்டு காரணிகள். அதைவிடப் பெரிய 100-க்கோ ஒன்பதுதான். நாளில் மூன்றில் ஒரு பங்கு 20 நாழிகை என்று பின்னமின்றிச் சொல்லலாம். ஒரு வெள்ளியை மூவருக்குச் சரியாகப் பங்கிட்டுச் சில்லறை கொடுக்க முடியாது.

நம் பழைய கீழ்வாய் இலக்கத்தையும் நோக்குக. கால், அரைக்கால், வீசம் என்று ஒரு கிளை. மா, அரைமா, காணி, அரைக்காணி என்று மற்றொரு கிளை. வீசம் பதினாறில் ஒன்று. மா இருபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. இவை யாவும் அடங்கும் அடி அளவு முந்திரி. அது 320-இல் ஒன்று. 320 என்பது 2⁶ × 5. இரண்டும் ஐந்தும் மட்டுமே அதில் உள்ளன, மூன்று இல்லை. ஆகவே முந்திரியைக் கொண்டு மூன்றில் ஒரு பங்கைச் சரியாகச் சொல்ல இயலாது. முந்திரியை மேலும் 320 ஆக்கிக் கீழ்முந்திரி கண்ட பின்னும் அக்குறை தீராது. ஆனால் பழைய வாய்பாடுகளில் அதற்கு அப்பால் நடப்பதைப் பாருங்கள். கீழ்முந்திரியை 21 ஆகப் பகுத்தால் இம்மி. இம்மியை 11 ஆகப் பகுத்தால் மும்மி. மும்மியை 7 ஆகப் பகுத்தால் அணு. இரண்டையும் ஐந்தையும் விட்டு, மூன்று, ஏழு, பதினொன்று என்ற புதிய பகா எண்கள் வந்து சேர்கின்றன. 'இம்மியளவும்' என்று நாம் நாள்தோறும் வழங்கும் சொல்லுக்குள் இவ்வளவு கணக்கு உறைகிறது.

புதிய பகா எண்ணைச் சேர்ப்பதன் வலிமையை வேறோர் எடுத்துக்காட்டால் காணலாம். கலியுகத்துக்குப் புராணங்கள் கூறும் ஆண்டுகள் 4,32,000. அது 2⁷ × 3³ × 5³, காரணிகள் 128. பெரிய தொகைதான். ஆனால் அதனினும் சிறிய 3,32,640 என்ற எண்ணுக்கு 192 காரணிகள் உள்ளன. காரணம், அது 2⁵ × 3³ × 5 × 7 × 11. பழைய பகா எண்களை மேன்மேலும் அடுக்குவதைவிட, புதியவற்றைச் சேர்ப்பது சில இடங்களில் சிக்கனமாகிறது. எந்த இடத்தில் அடுக்க வேண்டும், எந்த இடத்தில் சேர்க்க வேண்டும் என்பதே வினா.

கிரேக்க அறிஞர் பிளேட்டோவும் இத்துறையில் ஓர் எண்ணைப் போற்றியவர். 'சட்டங்கள்' என்னும் தம் நூலில், நல்லதொரு நகரில் 5040 குடிகள் இருத்தல் வேண்டும் என்றார். ஒன்று முதல் பத்து வரை எந்த எண்ணாலும் அது மீதியின்றி வகுபடும். தன்னை நீக்கி 59 காரணிகள் அதற்கு உண்டு. வரி விதிக்கவும், நிலம் பங்கிடவும், படை திரட்டவும் ஏற்ற எண் என்பது அவர் கருத்து. 5040 ஒரு மிகுபகு எண்ணே. இவ்வெண்ணை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். மீண்டும் இருமுறை அது நம் வழியில் எதிர்ப்படும்.

எழுத்தர் எழுதிய கட்டுரை

இராமானுஜன் 1887 டிசம்பர் 22-இல் ஈரோட்டில் பிறந்தார், வளர்ந்தது கும்பகோணம். தந்தையார் துணிக்கடைக் கணக்கர். பள்ளியில் முதன்மையாக விளங்கியவர், கல்லூரியில் கணிதம் தவிர்த்த பாடங்களைப் புறக்கணித்துத் தேர்வில் தோற்றார். 1907-இல் மறுபடியும் தோற்றார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தரானார். தாளுக்குப் பணமில்லாமல் சிலேட்டில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதியவர் அவர்.

1913 சனவரி 16-இல் அவர் ஹார்டிக்கு எழுதிய மடல் உலகறிந்தது. 1914 மார்ச்சு 17-இல் சென்னையில் கப்பலேறிக் கேம்பிரிட்ஜ் சென்றார். அவ்வாண்டு ஆகஸ்டில் பெரும்போர் மூண்டது. போர்க்காலத்துக் குளிரிலும் உணவுத் தட்டுப்பாட்டிலும் அவர் முடித்த முதல் பெரும்பணி மிகுபகு எண்களைப் பற்றிய இக்கட்டுரையே. 1916 மார்ச்சில் ஆராய்ச்சி வழியாகக் கேம்பிரிட்ஜ் அளித்த இளங்கலைப் பட்டம் இதன் பொருட்டே கிடைத்தது. இருமுறை தேர்வில் தோற்றவருக்குக் காரணிகளை எண்ணும் கணக்கு பட்டம் வாங்கித் தந்தது என்பதை நம் மாணவர்கள் அறிய வேண்டாமா?

அவர் கண்ட விதிகள்

மிகுபகு எண்கள் தாறுமாறாகத் தோன்றினாலும் அவற்றின் உள்ளமைப்பு ஒழுங்குடையது என்று இராமானுஜன் மெய்ப்பித்தார். அவற்றுள் மூன்றை மட்டும் இங்கே காண்போம்.

முதலாவது: பகா எண்கள் இடைவெளியின்றி வர வேண்டும். 2² × 5 என்பது 20. அதற்கு ஆறு காரணிகள். 5 இருக்கும் இடத்தில் 3-ஐ வைத்தால் 12, அதற்கும் ஆறே. சிறிய எண்ணுக்கே அத்தொகை கிடைப்பதால் 20 தோற்றது.

இரண்டாவது: பகா எண் பெரிதாகப் பெரிதாக அடுக்கு கூடலாகாது. 2 × 3² என்பது 18; அடுக்குகளை மாற்றிப் போட்டால் 2² × 3, அதாவது 12. காரணிகள் மாறவில்லை, எண் சிறுத்தது. ஆகவே 18 தோற்றது.

மூன்றாவது: கடைசியில் வரும் பகா எண்ணின் அடுக்கு ஒன்றாகவே இருக்கும். இவ்விதிக்கு விலக்கு 4, 36 என்ற இரண்டே எண்கள். முதலிரு விதிகளைக் கூர்த்த மாணவன் தானே கண்டுகொள்வான். மூன்றாவதற்கு உழைப்பு வேண்டும்.

இப்போது நம் பதின்மூன்று இலக்க எண்ணைப் பிரித்துப் பார்ப்போம். 6746328388800 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23. அடுக்குகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1. மூன்று விதிகளும் பொருந்துகின்றன. ஒன்று கூட்டிப் பெருக்கினால் 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10080. பதினாயிரத்து எண்பது காரணிகள்! பிளேட்டோவின் 5040-இன் இருமடங்கு. ஒரு வாரத்துக்கு எத்தனை நிமிடமோ அத்தனை. நிமிடத்துக்கு ஒன்றாகச் சொன்னாலும் உண்ணாது உறங்காது ஒரு வாரம் ஆகும். ஒன்று முதல் இருபத்தெட்டு வரை எந்த எண்ணாலும் இது வகுபடும். 29-இடம்தான் முதன்முதலில் தோற்கும்.

தோற்பதேன்? 29-ஐயும் சேர்த்துக்கொண்டால் என்ன? சேர்த்துப் பார்ப்போம். எண் பெரிதாகாமல் இருக்க, 30-ஐ, அதாவது 2, 3, 5 ஆகியவற்றில் ஒவ்வொன்றை எடுத்துவிட்டு 29-ஐ வைப்போம். அடுக்குகள் 5, 3, 1, 2 என ஆகி, அவற்றோடு ஆறு ஒன்றுகள் வரும். காரணிகள் 6 × 4 × 2 × 3 × 64 = 9216. எண் சற்றே சிறுத்தது; காரணிகளோ 864 குறைந்தன. 35-ஐ எடுத்து 29-ஐ வைத்தால் 8960 தான். இப்படி ஒவ்வொரு வழியையும் அடைத்த பிறகே ஓர் எண்ணைப் பட்டியலில் சேர்க்கலாம். சமனிலிகளைக் கையாளுவதில் இராமானுஜனின் அரிய வன்மையை இக்கட்டுரை காட்டுகிறது என்று ஹார்டி பாராட்டியது இதனால்தான்.

விடுபட்டது

கணிப்பொறி இல்லாத காலத்தில், கையாலும் மனத்தாலும் இராமானுஜன் தொகுத்த பட்டியலில் 102 எண்கள் உள்ளன. பின்வந்த அறிஞர்கள் அதைச் சரிபார்த்தபோது ஓர் எண் விடுபட்டிருக்கக் கண்டனர். அது 293318625600, இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு இலட்சத்து இருபத்தையாயிரத்து அறுநூறு.

அதையும் பிரிப்போம். 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. வாசகர் இதனைச் சற்றுமுன் கண்ட எண்ணோடு ஒப்பிடுக. எல்லாம் ஒன்றே, 23 மட்டும் இல்லை. விடுபட்ட எண்ணை 23-ஆல் பெருக்கினால் பட்டியலின் கடைசி எண் வந்துவிடுகிறது. அதன் காரணிகள் 7 × 5 × 3 × 3 × 16 = 5040. பிளேட்டோவின் எண் இங்கே மறுபடியும் தலைகாட்டுகிறது.

இப்பிழையால் இராமானுஜனின் விதிகளில் ஏதேனும் சாய்ந்ததா? இல்லை. பட்டியல் விதிகளுக்கு விளக்கமேயன்றி அடிப்படையன்று. விடுபட்ட எண்ணும் அவர் வகுத்த மூன்று விதிகளுக்கும் உட்பட்டே நிற்கிறது. இன்னும் சொன்னால், தம் பட்டியலில் நேர்ந்த குறையைக் கண்டுபிடிக்கும் சல்லடையையும் அவரே நமக்குத் தந்து சென்றார். முறையைக் கற்பித்தவரின் முடிவை அம்முறை கொண்டே திருத்துவது அவருக்குச் செய்யும் சிறப்பே ஆகும்.

எல்லாம் தெய்வம் காட்டிய விடை என்று சொல்லி இராமானுஜனை வணங்குவோர் உளர். அவர் நாமகிரித் தாயாரிடம் பேரன்பு கொண்டிருந்தது உண்மை. அந்நம்பிக்கையை நாம் குறைத்துப் பேச வேண்டுவதில்லை. ஆயினும், விடுபட்ட எண் ஒன்று அப்பட்டியலில் இருப்பதே அது மனிதக் கை எழுதிய பட்டியல் என்பதற்குச் சான்று. நூறு எண்களைச் சலித்துச் சேர்த்த கை அது. அக்கையின் உழைப்பை மறந்து அருளை மட்டும் பேசுவது அவருக்கு நாம் செய்யும் குறை.

அச்சேறாத பகுதி

இக்கட்டுரைக்கு ஒரு பின்கதையும் உண்டு. இலண்டன் கணிதக் கழகம் அப்போது பணமுடையில் இருந்தது. அச்சுச் செலவைக் குறைக்கும் பொருட்டுக் கட்டுரையின் பின்பகுதி நிறுத்தி வைக்கப்பட்டது. இராமானுஜன் 1918-இல் அரச கழக உறுப்பினரானார். 1919-இல் நோயோடு தாயகம் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-இல் தம் 32-ஆம் வயதில் சென்னையில் மறைந்தார். அவர் அச்சில் காணாத அப்பகுதி 1988-இல்தான் வெளியாயிற்று. நிக்கோலா, ரோபேன் என்ற பிரெஞ்சு அறிஞர்களின் குறிப்புகளோடு 1997-இல் மீண்டும் வந்தது.

அதற்குள் உலகம் அவர் வழியே நடக்கத் தொடங்கியிருந்தது. 1944-இல் எர்டிஷ் என்ற ஹங்கேரிய மேதை மிகுபகு எண்களின் ஆய்வை மேலெடுத்துச் சென்றார். 1984-இல் மேற்சொன்ன ரோபேன், காரணிகளின் கூட்டுத்தொகையைப் பற்றி ஓர் அரிய முடிவை நிறுவினார். ஓர் எண்ணின் காரணிகளையெல்லாம் கூட்டினால் வரும் தொகைக்கு, அந்த எண்ணைக் கொண்டே ஓர் எல்லை வகுக்கலாம். 5040 அவ்வெல்லையைத் தாண்டும் எண்களுள் ஒன்று. அதன் காரணிகளின் கூட்டுத்தொகை 19344. அதற்கு மேற்பட்ட எந்த எண்ணும் எல்லையைத் தாண்டாது என்று மெய்ப்பித்துவிட்டால், 1859-இல் ரீமான் கூறிய புகழ்பெற்ற கருதுகோள் உண்மை என்று ஆகிவிடும். கணித உலகம் இன்றளவும் விடை காணாத வினா அது. அச்சேறாமல் கிடந்த பகுதியிலேயே இராமானுஜன் இவ்வழியில் அடியெடுத்து வைத்திருந்தார். பிளேட்டோ நகரமைக்கத் தேர்ந்த அதே 5040 இங்கே மூன்றாம் முறை எல்லைக்கல்லாக நிற்பதை எண்ணி எண்ணி வியக்கலாம்.

ஆசிரியர்க்கு

முடிக்குமுன் என் பிழை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியேற்ற புதிதில், 360-இன் காரணிகளையெல்லாம் எழுதுமாறு மாணவர்க்குப் பணித்தேன். ரப்பர்ப் பால் வெட்டும் தொழிலாளி ஒருவரின் மகன் 23 காரணிகளை அழகாக எழுதிக் காட்டினான். 15 இருந்தது, அதன் இணையான 24 இல்லை. நான் சிவப்பு மையால் குறுக்குக் கோடு போட்டுச் சுழி மதிப்பெண் இட்டேன். "ஐயா, மீதியெல்லாம் சரிதானே?" என்றான். விடை முழுமையாக இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் அதன் பிறகு கணக்கு வகுப்பில் கை தூக்கவே இல்லை.

பல ஆண்டுகள் கழித்து, இராமானுஜன் பட்டியலிலும் ஓர் எண் விடுபட்டது என்று படித்தபோது அச்சிறுவனின் முகம் என் கண்முன் வந்து நின்றது. நூற்றிரண்டு எண்களைக் கண்டவருக்கு உலகம் பட்டம் தந்தது. இருபத்து மூன்று காரணிகளைக் கண்டவனுக்கு நான் சுழி தந்தேன். அன்று நான் செய்திருக்க வேண்டியது வேறு. காரணிகள் இணை இணையாக வரும். ஆகவே வர்க்க எண்ணுக்கு மட்டுமே காரணிகளின் தொகை ஒற்றைப்படையாகும். "360 வர்க்க எண்ணா? இல்லையே. அப்படியானால் 23 என்ற தொகை சரியாகுமா? எந்தக் காரணி துணையின்றி நிற்கிறது, தேடு" என்று சொல்லியிருந்தால், தன் குறையைத் தானே கண்டுபிடித்த மகிழ்ச்சி அவனுக்குக் கிடைத்திருக்கும். பிழையைக் காட்டுவது எளிது. பிழையைக் காணும் வழியைக் காட்டுவதே கற்பித்தல்.

இன்று எங்கள் பள்ளியில் இக்கணக்கைக் கற்பிக்கும்போது, விடுபட்ட அந்தப் பன்னிரண்டு இலக்க எண்ணைக் கரும்பலகையில் எழுதி, மாணவர்களையே பிரிக்கச் சொல்கிறேன். இரண்டால் வகுத்து வகுத்து ஆறு முறை இறங்குவார்கள். மூன்றால் நான்கு முறை. ஐந்தாலும் ஏழாலும் இரண்டிரண்டு முறை. கடைசியில் 19 நிற்கும். ஒரு நாள் பாடவேளை முழுதும் அதற்கே போய்விடும். முடிந்த பின், இது உலகப் பேரறிஞர் ஒருவர் காணாமல் விட்ட எண் என்று சொல்வேன். அப்போது அவர்கள் முகத்தில் தோன்றும் ஒளி, 1729-இன் கதையைச் சொன்ன எந்நாளிலும் நான் காணாதது. இராமானுஜன் எட்டாத உயரத்தில் இருப்பவர் அல்லர். நம்மைப் போல் உழைத்து, நம்மைப் போல் ஒன்றை விட்டவர். நாமும் உழைத்தால் ஒன்றைக் காணலாம் என்று அவர்கள் உணர்கிறார்கள்.

ஆசிரியத் தோழர்கள் தத்தம் வகுப்பிலும் இதனைச் செய்து பார்க்க வேண்டுகிறேன். தேவைப்படுவன ஒரு கரும்பலகையும் சிறிது பொறுமையுமே.